ஓட்டைக்கு ஒரு வாட்ச்மேன்

அலுவலகத்தில் உங்கள் மேசைக்குக் கீழே, சுவரோரமாக, நெட்வொர்க் கேபிள் செருகுகிற சதுர ஓட்டை ஒன்று இருக்கும். பாதி ஓட்டைகளில் தூசி, மீதியில் யாரோ எப்போதோ செருகிவிட்டுப் போன நீலக் கேபிள். இந்தக் கட்டுரை அந்த ஓட்டையைப் பற்றியது. இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். உங்களில் பலர் இந்த நிமிடம் அப்படி ஒரு ஓட்டையில் மாட்டிய லேப்டாப்பில்தான், மேனேஜர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்துக்குப் பிறகு வருகிறேன். அதில் ஒரு பெண்மணியின் மூன்று நாள் சம்பளம் இருக்கிறது.

நான் நெட்வொர்க் வேலை செய்பவன். அந்த ஓட்டைகளுக்குப் பூட்டுப் போடுவதும் என் பிழைப்பில் சேர்த்தி. அதனால் என் தரப்பை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கம்பி வழி நெட்வொர்க்கில் இந்தப் பூட்டு, அதை விற்பவர்கள் சொல்வதில் கால்வாசிப் பாதுகாப்புகூடத் தருவதில்லை. அதோடு போனால் பரவாயில்லை. பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில், உண்மையில் செய்யவேண்டிய வேலையை யாரும் செய்வதில்லை.

பூட்டின் பெயர் 802.1எக்ஸ். எங்கள் ஆட்கள் செல்லமாக ‘டாட் ஒன் எக்ஸ்’ என்பார்கள். ஐஇஇஇ அமைப்பு 2001இல் வெளியிட்ட தரநிலை. நல்ல எண்ணத்தில் பிறந்ததுதான். அதுவரை யார் வந்து கேபிளைச் செருகினாலும் நெட்வொர்க் வாரி அணைத்துக்கொண்டது. இனிமேல் ‘நீ யார்’ என்று கேட்டுவிட்டு அனுமதிப்போம் என்றார்கள்.

எப்படி நடக்கிறது என்பதற்குப் பெரிய அபார்ட்மெண்ட் வாசல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி வருகிறார். வாட்ச்மேனுக்கு அவரைத் தெரியாது. இண்டர்காமில் மேலே கூப்பிட்டு, ‘உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார், அனுப்பவா?’ என்கிறார். மேலேயிருந்து ‘அனுப்புங்க’ என்றால் கேட் திறக்கும். இங்கே விருந்தாளி உங்கள் லேப்டாப். வாட்ச்மேன், கேபிளின் மறுமுனையில் இருக்கிற சுவிட்ச். மேல் வீட்டுக்காரர் ரேடியஸ் சர்வர். பேச்சு முடியும்வரை அந்த போர்ட்டில் இந்த விசாரணை உரையாடலைத் தவிர வேறெதுவும் உள்ளே போகாது. பதில் வந்ததும் போர்ட் திறக்கும். கண்காணிப்புத் திரையில் அதற்கு நேராகப் பச்சைப் புள்ளி ஒன்று எரியும். எல்லோருக்கும் சந்தோஷம்.

சரி, கேட் திறந்த பிறகு? அங்கேதான் கதையே. நம் வாட்ச்மேன் விருந்தாளியின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சட்டை நிறத்தை மட்டும் பார்த்துவைக்கிறார். அதே நிறச் சட்டை போட்டுக்கொண்டு யார் வந்தாலும் போனாலும் அவருக்கு அது அதே விருந்தாளிதான். அந்தச் சட்டைக்குப் பெயர் மேக் முகவரி. ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் கார்டிலும் எழுதப்பட்டிருக்கும் 48 பிட் எண். அதை மாற்றிக்கொள்ள மேதாவியாக இருக்கவேண்டியதில்லை, ஒரு வரிக் கட்டளை போதும்.

வைஃபையில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கேயும் அலுவலகங்களில் இதே 802.1எக்ஸ்தான் ஓடுகிறது. ஆனால் விசாரணை முடியும்போதே இரு தரப்புக்கும் ரகசியச் சாவிகள் பிறந்துவிடும். அதன்பிறகு போகிற ஒவ்வொரு தரவுத் துண்டும் அந்தச் சாவியால் பூட்டித்தான் போகும். இடையில் புகுந்தவனிடம் சாவி இல்லையென்றால் அவன் பேசுவதை யாரும் கேட்கமாட்டார்கள். கம்பியில் பழைய 802.1எக்ஸ் அப்படி எந்தச் சாவியையும் பயன்படுத்துவதில்லை. வாசலில் விசாரித்ததற்கும், பிறகு உள்ளே நடமாடுகிறவனுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நிரூபிக்க அதனிடம் எதுவுமே கிடையாது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. விற்க வருகிற புண்ணியவான்களின் ஸ்லைடுகளில் மட்டும் இரண்டும் ஒரே கட்டத்தில், ஒரே பச்சை டிக்கோடு இருக்கும். நான் பார்த்த ஒரு ஸ்லைடிலும் இந்த வித்தியாசம் எழுதப்பட்டிருக்கவில்லை.

இதை நான் கண்டுபிடித்ததாக நினைக்கவேண்டாம். 2005இல், அப்போது மைக்ரோசாஃப்டில் பாதுகாப்புத் துறையில் இருந்த ஸ்டீவ் ரைலி, கம்பி நெட்வொர்க்கில் 802.1எக்ஸை நம்பாதீர்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். அவர் விளக்கிய தாக்குதல் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். சுவருக்கும் அசல் கணினிக்கும் நடுவே சாதாரண ஹப் ஒன்றை வை. அதில் உன் கணினியையும் செருகு. அசலின் மேக் முகவரியையும் ஐபி முகவரியையும் உன் கணினிக்குக் கொடு. முடிந்தது. ஒரு போர்ட்டில் ஒரு முகவரிதான் என்று கட்டுப்பாடு வைத்தாலும் பிரயோஜனமில்லை, இரண்டு பேரும் ஒரே சட்டையில் இருக்கிறார்கள். மணிக்கொருமுறை மறுபடி விசாரி என்று சுவிட்சிடம் சொல்லிவைத்தாலும், ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் பதில் சொல்லப்போவது அசல் கணினிதான். திருடனுக்காகவும் சேர்த்து அது கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. பிடித்த என்றால், தலையில் அடித்துக்கொள்கிற மாதிரிப் பிடித்த. திருடன் ஒரு சர்வரோடு இணைப்புத் தொடங்கினால், வருகிற பதில் ஹப் வழியாக அசல் கணினிக்கும் போகும். அது, ‘நான் உன்னைக் கூப்பிடவே இல்லையே’ என்று இணைப்பைத் துண்டித்துவிடும். அதுவரைக்கும் நல்லது. ஆனால் அசல் கணினியில் ஃபயர்வால் ஓடினால்? தான் கேட்காமல் வருகிற எதையும் அது சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். துண்டிக்கும் பதில் போகாது. திருடனின் இணைப்பு ஜம்மென்று ஓடும். விண்டோஸ் எக்ஸ்பி 2004இல் வந்த தன் இரண்டாவது சர்வீஸ் பேக்கில்தான் ஃபயர்வாலைத் தானாகவே ஓடும்படி செய்தது. ஒரு பாதுகாப்பு ஒழுங்காக வேலை செய்ததால் இன்னொரு பாதுகாப்பு படுத்துவிட்டது.

‘ஹப்பெல்லாம் இப்போ எங்க சார் கிடைக்குது?’ என்று ஒரு கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கும் 2011இல் பதில் வந்துவிட்டது. டெஃப்கான் மாநாட்டில் ஆல்வா டக்வால் என்பவர் ஹப்புக்குப் பதிலாக ஒரு குட்டி லினக்ஸ் பெட்டியை நடுவில் வைத்துக் காட்டினார். இரண்டு கேபிளை இணைக்கும் பாலம் அது. தரநிலையை மதிக்கிற பாலம் எதுவும் அந்த விசாரணை உரையாடலை அடுத்த பக்கம் கடத்தாது, கடத்தக்கூடாது என்று விதி. அவர் தன் லினக்ஸை அந்த விதியை மீறச் செய்தார். அசல் கணினி விசாரணையை முடித்துக்கொடுக்கும், பாலம் அதன் முகவரியிலேயே தன் வேலையையும் பார்த்துக்கொள்ளும். சுவிட்சுக்கும் தெரியாது, அசல் கணினிக்கும் தெரியாது. இன்றைக்கு அதற்கான நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஐஇஇஇ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மேக்செக் என்று, கம்பியில் போகும் ஒவ்வொரு துண்டையும் மறையாக்கும் தரநிலையை 2006இல் கொண்டுவந்தது. 2010இல் 802.1எக்ஸையே திருத்தி, விசாரணையிலிருந்து அதற்குச் சாவி எடுக்கவும் வழி செய்தது. சரியாகச் செய்தால் மேலே சொன்ன ஹப்பும் பாலமும் செல்லாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அலுவலகத்தில் சுவிட்சிலிருந்து மேசைவரைக்கும் அது ஓடுகிறதா என்று கேட்டுப்பாருங்கள். சுவிட்சும் ஆதரிக்கவேண்டும், லேப்டாப்பிலும் அதற்கான மென்பொருள் வேண்டும். டேட்டா சென்டர்களுக்கு நடுவே பார்த்திருக்கிறேன். மேசைவரை இறங்கியதை நான் இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவும் கெட்டிக்காரத் திருடனுக்கு. அவ்வளவு கெட்டிக்காரத்தனமே தேவைப்படாத ஒரு வழியை நாங்களே திறந்து வைத்திருக்கிறோம். எல்லா அலுவலகத்திலும் பிரிண்டர் இருக்கிறது, சிசிடிவி கேமரா இருக்கிறது, விரல் வைத்து வருகை பதியும் பெட்டி இருக்கிறது, மீட்டிங் ரூமில் சுவரை அடைத்துக்கொண்டு டிவி இருக்கிறது. இதில் பலவற்றுக்கு 802.1எக்ஸ் பேச வராது. பேச வருவதற்கும் சான்றிதழ் ஏற்றி, காலாவதியாகும் முன் புதுப்பிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. அதனால் என்ன செய்கிறோம்? அந்தக் கருவிகளின் மேக் முகவரிகளைப் பட்டியலாக எழுதிவைத்து, இந்த எண் வந்தால் விசாரிக்காமல் விடு என்று சுவிட்சுக்குச் சொல்லிவிடுகிறோம். சட்டை நிறத்தை மட்டுமே பார்த்து உள்ளே விடுவது. இதற்குத் தொழில்முறைப் பெயரே ‘பைபாஸ்’தான். பெயர் வைத்தவர் நேர்மையானவர்.

அந்த எண் ரகசியமா என்றால், பல கருவிகளின் முதுகில் ஸ்டிக்கராகவே ஒட்டியிருக்கும். பிரிண்டர் இன்னும் தாராளம். மெனுவில் போய் அமைப்புப் பக்கத்தை அச்சிடச் சொன்னால் மேக் முகவரி, ஐபி முகவரி எல்லாவற்றையும் தாளில் அடித்து நீட்டும். போதாதென்று 2024 ஜூலையில், ரேடியஸ் உரையாடலின் அடித்தளத்திலேயே ஓட்டை இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். சுவிட்சுக்கும் சர்வருக்கும் நடுவே நிற்க முடிந்தவன், ‘அனுப்பாதே’ என்ற பதிலை ‘அனுப்பு’ என்று மாற்றிவிடலாம். முறையான விசாரணையில் இது பலிக்காது. ஆனால் இந்தப் பட்டியல் வழியில் சாதாரணக் கடவுச்சொல் முறை ஓடினால், திருத்தம் போடாதவரை, பலிக்கும்.

இப்போது அந்த இன்னொரு காரணத்துக்கு வருகிறேன்.

ஒரு நிறுவனத்துக்கு வெளியாளாகப் போய் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொடுத்தேன். அதற்கு முந்தைய வருடம்தான் மூன்று மாடிக்கும் டாட் ஒன் எக்ஸ் போட்டு முடித்திருந்தார்கள். கேக் வெட்டிய போட்டோ வரவேற்பறையில் மாட்டியிருந்தது. ஒருநாள் யாரோ ஒருவர் ஃபோனில் வைஃபை பட்டியலைத் தள்ளிப்பார்க்கும்போது தெரியாத பெயர் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. தேடிப்போனால், மீட்டிங் ரூம் டிவிக்குப் பின்னால், வீட்டில் வைக்கிற சாதாரண ரௌட்டர் ஒன்று. கண்காணிப்புத் திரையைப் பார்த்தால் அந்த போர்ட்டில் பச்சைப் புள்ளி. பெயர்: மீட்டிங் ரூம் டிவி. மூன்று மாதப் பதிவிலும் டிவி, டிவி, டிவி.

வீட்டு ரௌட்டர்களில் மேக் முகவரியை நகலெடுக்க மெனுவிலேயே ஒரு வசதி இருக்கும். இணைய இணைப்புக்காரர்கள் சிலர் ஒரு எண்ணை மட்டும் ஏற்றுக்கொள்வதால், வாடிக்கையாளர் வசதிக்காக வைத்தது. டிவியின் முதுகில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்து யாரோ அந்தக் கட்டத்தில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். டிவியை ரௌட்டரின் பின்னால் மாட்டியாகிவிட்டது, அதுவும் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

யார் வைத்தது? அங்கேதான் எல்லாம் கோணலானது. அந்த அமைப்புக்கு போர்ட் எண் தெரியும், மேக் முகவரி தெரியும், நேரம் தெரியும். ஆள் தெரியாது. ஆகவே சிசிடிவியைப் பார்த்தார்கள். மூன்று மாதப் பதிவு இல்லை, கடைசிச் சில வாரங்கள்தான் இருந்தது. அதில் டிவிக்குப் பின்னால் கைவிட்டவர் ஒருவர்தான். தினமும் சாயங்காலம் துடைக்க வருகிற ஹவுஸ்கீப்பிங் அம்மா.

மூன்று நாள். முதல் நாள் செக்யூரிட்டி மேலாளர், அடுத்த நாள் நிர்வாகம், மூன்றாம் நாள் ஏஜென்சி சூப்பர்வைசர். ‘யார் குடுத்து வெக்கச் சொன்னாங்க?’ என்பதே திரும்பத்திரும்பக் கேள்வி. ‘நான் தூசி தட்டத்தானே சார் கை விட்டேன்’ என்று அந்தம்மா சொன்னது எனக்குக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கேட்டது. அந்த அறையில் இருந்த யாருக்கும் அது போதுமான பதிலாகத் தெரியவில்லை. ரௌட்டரில் எண்ணை நகலெடுக்க அதன் மெனுவுக்குள் போய் வேலை செய்தாகவேண்டும், அந்த அளவுக்கு விஷயம் தெரிந்த, அந்த அறையில் வைஃபை தேவைப்பட்ட ஆளைத் தேடுங்கள் என்று எழுதிக்கொடுத்தேன். நான்காம் நாள் விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் தானாகவே வந்தார். மீட்டிங் ரூமில் வைஃபை சிக்னல் வரவில்லை, வாடிக்கையாளர் முன்னால் டெமோ நின்றுநின்று போகிறது, புகார் டிக்கெட் வாரக்கணக்கில் திறந்தே கிடக்கிறது, அதனால் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன் என்றார். சிரித்துவிட்டு எச்சரிக்கை மெயில் அனுப்பினார்கள். அந்தம்மாவுக்கு விசாரணை நடந்த மூன்று நாளும் ஆப்சென்ட் போட்டு, ஏஜென்சி வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டது.

விற்பனைப் பிரிவுக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. சிக்னல் இல்லாத அறையில் அவரும்தான் என்ன செய்வார். அடையாளத்தைச் சரிபார்க்கிறோம் என்று பணம் வாங்கிய அமைப்பு, ஒரு டிவி ஸ்டிக்கரைச் சரிபார்த்துவிட்டுப் பச்சை விளக்குப் போட்டதே, கோபம் அதன் மேல். ‘உள்ளே வந்தது யார்’ என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை என்பதை அந்த அறையில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கருவிக்குத் தெரியாத இடத்தைச் சம்பளத்தில் கடைசிப் படியில் நிற்பவரைக் கொண்டு நிரப்பினார்கள். அதற்கு அடுத்த மாதம் வந்த உத்தரவு என்ன தெரியுமா? ஹவுஸ்கீப்பிங் பைகளைத் தினமும் சோதிக்கவேண்டும். எழுநூறு ஊழியர்களின் லேப்டாப் பைகள் வழக்கம்போல் ஆட்டிக்கொண்டே போய்வந்தன.

இதையெல்லாம் சொன்னால் எங்கள் துறையில் உடனே ஒரு பதில் வரும். ‘இது ஒரு அடுக்குதாங்க. அடுக்கடுக்காத்தான் பாதுகாப்பு. ஒன்னுமே இல்லாததுக்கு இது பரவாயில்லையே?’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த அடுக்கு எங்கே என்று கேட்டால்தான் பேச்சு மாறும். பாதுகாப்புக்கான பணமும் ஆட்களும் எந்த அலுவலகத்திலும் அளந்துதான் கிடைக்கும். இந்த ஒரு அடுக்கைப் பராமரிப்பது சும்மா இல்லை. சான்றிதழ் காலாவதியாகி ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு மாடி முழுக்க வேலை நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். ஹெல்ப்டெஸ்க் தம்பிகள் ஒவ்வொரு போர்ட்டாகப் பூட்டை எடுத்துவிட்டார்கள், ‘தற்காலிகமாக’. ரேடியஸ் சர்வர் பதில் சொல்லாவிட்டால் எல்லோரையும் உள்ளே விட்டுவிடு என்று சுவிட்சில் எழுதிவைப்பதும் சகஜம். வாட்ச்மேனுக்கு ஃபோன் கிடைக்கவில்லையென்றால் கேட்டை அகலத் திறந்துவை என்கிற மாதிரி. வருடம் முழுக்க இதோடு மல்லுக்கட்டிய குழுவிடம், உள்ளே ஓடும் பழைய சர்வர்களைப் பூட்டச் சொன்னால், ‘அது உள் நெட்வொர்க்தானே’ என்பார்கள்.

உள் நெட்வொர்க்தானே. இந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு விலை கொடுத்திருக்கிறோம் என்பதற்கு இரண்டு பதிவுகள் போதும்.

2017, 18இல் கிழக்கு ஐரோப்பாவில் குறைந்தது எட்டு வங்கிகளுக்குள் திருடர்கள் நடந்தே போனார்கள். கூரியர்காரனாக, வேலை தேடி வந்தவனாக. மீட்டிங் ரூம் மாதிரி இடங்களில் மலிவான லேப்டாப், ராஸ்பெர்ரி பை, யுஎஸ்பி போல் இருக்கும் கருவி, ஏதாவது ஒன்றைச் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் மொபைல் மோடம் வழியாக வெளியிலிருந்தே வேலை நடந்தது. இழப்பு கோடிக்கணக்கான டாலர் என்று விசாரித்த காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2018 டிசம்பரில் எழுதியது. உள்ளே செருகியதும் அவர்கள் முதலில் தேடியது என்ன? யார் வேண்டுமானாலும் திறக்கும்படி கிடக்கிற பொதுக் கோப்புறைகளையும் வெப் சர்வர்களையும்.

இரண்டாவது, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம். 2018 ஏப்ரலில் அங்கே ஊடுருவல் நடந்திருப்பது தெரியவந்தது. சுமார் 500 எம்பி தரவு போயிருந்தது. அனுமதியில்லாமல் நெட்வொர்க்கில் மாட்டியிருந்த ராஸ்பெர்ரி பை ஒன்றும் இதில் இருந்தது. உலகம் முழுக்கச் செய்தித் தலைப்பில் அந்தக் குட்டிக் கணினிதான் ஓடியது. போர்ட் பூட்டு விற்பவர்களுக்கு இன்றைக்கும் இதுதான் முதல் ஸ்லைடு. கண்டிப்பான பூட்டு இருந்திருந்தால் அந்தக் கருவி மாட்டப்பட்டிருக்காது என்று அவர்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். ஆனால் நாசாவின் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம் 2019 ஜூனில் வெளியிட்ட அறிக்கையைத் தலைப்போடு நிறுத்தாமல் படிக்கவேண்டும். வெளியாள் ஒருவரின் கணக்கு திருடப்பட்டிருந்தது. எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்ற பட்டியல் சரியாகப் பராமரிக்கப்படவில்லை. உள்ளே பிரிவுகளுக்கு நடுவே தடுப்பு இல்லாததால் ஊடுருவியவர்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினார்கள். ஏறத்தாழ பத்து மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பை இருந்ததால் வாசல் கிடைத்தது. பத்து மாதம் தங்க இடம் கொடுத்தது ‘உள் நெட்வொர்க்தானே’ என்கிற மனநிலை.

மாற்று என்ன என்று கேட்டால், அதுவும் பழைய செய்திதான். சுற்றுச்சுவரை நம்பாதீர்கள் என்று ஜெரிக்கோ ஃபோரம் 2004இலேயே கூடிப் பேசியது. ரைலி 2005இல், கணினிக்கும் கணினிக்கும் நடுவே ஐபிசெக் போட்டு ஒவ்வொரு பேச்சையும் சரிபாருங்கள் என்றார். கூகுள் 2009இல் சீனாவிலிருந்து வந்த தாக்குதலில் அடிபட்ட பிறகு, அலுவலகத்துக்குள் இருப்பதற்கென்று எந்தச் சலுகையும் கிடையாது என்று முடிவெடுத்து, 2014இல் அதை எழுதி வெளியிட்டது. அங்கேயும் 802.1எக்ஸ் இருக்கிறது, வேடிக்கையாக. கருவியை அடையாளம் கண்டு எந்த நெட்வொர்க்கில் விடலாம் என்று அது பிரித்துவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்த நெட்வொர்க்கில் இருப்பதாலேயே எந்தச் செயலியும் உங்களுக்குத் திறக்காது. ஆள் யார், கருவி எது, நிலைமை என்ன என்று ஒவ்வொரு செயலியின் வாசலிலும் கேட்பார்கள். இப்படிச் செய்தால் டிவி ஸ்டிக்கரை நகலெடுத்தவனுக்கு என்ன கிடைக்கும்? இணையம் கிடைக்கும். டெமோ ஓடும். அதற்காக யாரையும் கண்ணாடி அறையில் உட்காரவைக்கத் தேவையிருக்காது.

எனக்கு டாட் ஒன் எக்ஸைக் கழற்றி எறியவேண்டும் என்று இல்லை. தெரியாத்தனமாகச் செருகுகிறவர்களை அது தடுக்கும், கருவிகளைப் பிரித்துவைக்க உதவும். அந்த அளவுக்கு மட்டும் பணம் கொடுங்கள் என்கிறேன். தணிக்கைப் படிவத்தில் ‘போர்ட் கட்டுப்பாடு உள்ளதா?’ என்ற கேள்விக்குப் பக்கத்தில் ‘விசாரிக்காமல் விடும் பட்டியலில் எத்தனை கருவிகள்?’ என்று இன்னொரு கேள்வி சேருங்கள். ‘அந்தக் கருவியின் இடத்திலிருந்து சம்பள சர்வரை எட்ட முடியுமா?’ என்று மூன்றாவதும். நான் கேட்ட இடங்களில் முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று டக்கென்று வரும். இரண்டாவதுக்கு, ‘பார்த்துச் சொல்றோம் சார்.’

நீங்கள் நெட்வொர்க் ஆளாக இல்லாவிட்டாலும் ஒன்று செய்யலாம். நாளைக்கு அலுவலகம் போனதும் விடுப்பு விண்ணப்பிக்கிற பக்கத்தையோ, சம்பளச் சீட்டு எடுக்கிற பக்கத்தையோ திறந்து, மேலே முகவரிப் பட்டையைப் பாருங்கள். ‘பாதுகாப்பற்றது’ என்று பிரவுசர் சொல்கிறதென்றால், அங்கே நீங்கள் தட்டுகிற கடவுச்சொல் மறைக்கப்படாமல் கம்பியில் போகக்கூடும். ஏன் என்று ஐடியில் கேளுங்கள். என்ன பதில் வருமென்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும்.